எர்த் குழி

கட்டிங் மெஷினின் இரும்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தவளின் உள்ளங்கையில் எறும்பு ஊர்வது போலிருந்தது. கையைத் திருப்பிப் பார்த்தாள். எறும்பு இல்லை. ரேகைகளுக்குள் மரத்தூள் மட்டும் அப்பியிருந்தது. மறுபடி துணியை வைத்து ஓட்டினாள். மறுபடி அதே ஊறல், இம்முறை மணிக்கட்டு வரை. மெஷின் ஓடவில்லை. மேடையின் நடுவிலிருந்த பிளவில் வட்ட ரம்பம் பாதி முகத்தை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றது.

"ஏங்க, மெஷின்ல கரண்ட் வருது."

"மெஷின்ல கரண்ட் வராம, பாலா வரும்?" என்றார் அவள் கணவர், தலையை நிமிர்த்தாமல்.

தச்சு வேலை செய்யும் அவரை ஊரில் எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் பல் விளக்க ஆரம்பிக்கும்போது திறக்கிற வாய், ராத்திரி குறட்டையாக மாறும்வரை மூடாது. பலகையோடு பேசுவார், ஆணியோடு பேசுவார், வளைந்த ஆணியைத் திட்டுவார். அறுப்பதும் பூட்டுவதும் அவர் வேலை; உப்புத்தாள் தேய்த்து பாலிஷ் போடுவது அவள் வேலை. முன்னால் சின்ன வீடும் பின்னால் பெரிய தகரக் கொட்டகையுமாக இந்த இடம் வாடகைக்குக் கிடைத்தபோது இருவரும் குதிக்காத குறைதான். கொட்டகையில் கரண்ட் கிடையாது. அதற்கு முன் அங்கே சாக்கு மூட்டைகள்தான் அடுக்கியிருந்தார்களாம். சமையலறை ஜன்னல் வழியாக ஒரு நீள வயரை இழுத்து, எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மெஷினைச் சொருகி வேலையைத் தொடங்கியிருந்தார் ரேடியோ.

அவர் வந்து மேடையில் கையை வைத்துப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே. உன் கை பஞ்சு. என்னோடது ஆமை ஓடு."

அவள் விடவில்லை. வயர்மேனாக இருக்கும் தன் தம்பிக்குப் போன் போட்டாள்.

தம்பி மறுநாளே வந்தான். எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினான். பின்பக்கம் உருகி, கருகிய பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது.

"மாமா, இது செல்போன் சார்ஜ் போடுற பெட்டி. இதுல போய் இவ்வளவு பெரிய மோட்டாரைச் சொருகியிருக்கீங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கொட்டகையோட சேர்த்து நீங்களும் எரிஞ்சிருப்பீங்க."

"எரிஞ்சா குளிர் காயலாம், மாப்ள."

"எர்த்தும் இல்ல. அதான் அக்காவுக்குக் கை ஊறுது."

தம்பி சிரிக்கவில்லை. வேலை விஷயத்தில் அவன் கறார். மெயின் போர்டிலிருந்து மெஷினுக்கென்றே தனியாகத் தடித்த கேபிள் இழுத்தான். நடக்கிற வழியில் கிடக்கக் கூடாது என்று அதைச் சுவரோரம் குழாய்க்குள் கொண்டுபோனான். மூன்று கால் பிளக், கனமான சாக்கெட், தலைக்கு மேல் ஒரு பல்பு. கொஞ்சம் கரண்ட் ஒழுகினாலும் பட்டென்று தானாக அணைந்துவிடும் ட்ரிப்பர். நிற்கிற இடத்தில் ரப்பர் விரிப்பு. கடைசியாக, கொட்டகைக்குப் பின்னால் எர்த் குழி தோண்டப் போனான்.

அவளும் கூடப் போனாள். அந்தப் பக்கம் புல் பூண்டு எதுவும் இல்லை. வேலிக்கு அப்பால் செடி கொடிகள் மண்டிக் கிடக்க, இங்கே மட்டும் மண் மொட்டையாக, யாரோ தினமும் பெருக்கி வைத்தது போல் இருந்தது. கடப்பாரை போட வேண்டியிருக்கவில்லை. மண்வெட்டி முதல் வெட்டிலேயே பாதிவரை இறங்கியது. உள்ளே மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. மழை பெய்து மாதங்கள் ஆகியிருந்தன. அவள் குனிந்து ஒரு கட்டியை எடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது, சற்றுமுன் யாரோ கையில் வைத்திருந்த பொருளைப் போல. வாயில் நாணயத்தை வைத்துக்கொண்டால் நாக்கில் ஏறுமே, அந்த மாதிரி ஒரு வாடை.

"பக்கத்துல சாக்கடை ஏதாவது போகுதாக்கா?"

"அப்படி ஒண்ணும் இல்லையே."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு இரும்புக் குழாயைக் குழிக்குள் நிறுத்தினான். சுத்தியலை ஓங்குவதற்குள் குழாய் தானாகவே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அவன் அவசரமாகப் பிடித்து நிறுத்தாவிட்டால் முழுசாகவே போயிருக்கும்.

"பிரமாதமான மண்ணு," என்றான். கரியும் உப்பும் கொட்டி நிரப்பி, குழாயிலிருந்து பச்சை வயரைக் கொண்டுபோய் மெஷினின் உடம்பில் போல்ட் போட்டு முடுக்கினான். "இனிமே பாடில கரண்ட் ஒழுகினா இது வழியா நேரா மண்ணுக்குள்ள போயிடும். உன்மேல பாயாது."

"மண்ணு அதை வாங்கி என்னடா செய்யும்?"

"என்ன செய்யும், முழுங்கிடும். நீ அப்பப்போ ஒரு குடம் தண்ணி மட்டும் ஊத்து. குழி காயக்கூடாது."

அவள் மேடையில் கை வைத்தாள். எறும்பு இல்லை. குளிர்ந்த இரும்பு, அவ்வளவுதான்.

அதன்பிறகு கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. புதிதாகக் கட்டிய ஒரு குடியிருப்புக்குச் சமையலறை அலமாரிகள் செய்யும் வேலை வந்தது. மெஷின் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் பலகையை அறுத்தது. மோட்டார் இரைச்சல்கூடக் குறைந்திருந்தது. ஆனால் அணைத்த பின்னும் ஒரு மெல்லிய ரீங்காரம் காதில் தங்கியது. கொட்டகையை விட்டு வெளியே வந்தால் அது காதில் கேட்காது, காலில் கேட்கும். செருப்பைத் தாண்டி, பாதத்தின் குழிவில்.

தண்ணீர் ஊற்றுவதுதான் அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று. முதல் தடவை ஒரு குடத்தை ஊற்றிவிட்டு, நிரம்பி வழியும் என்று காத்திருந்தாள். வழியவில்லை. குழாயின் வாயில் காதை வைத்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். மண்ணில் தண்ணீர் இறங்குகிற சலசலப்பு அல்ல அது. இடைவெளி விட்டு விட்டு, மடக் மடக் என்று. குடம் காலியானதும் அந்த ஓசையும் நின்றது. நின்று, காத்திருந்தது. அவள் இன்னொரு குடம் கொண்டுவந்தாள். அதையும் ஊற்றினாள்.

அந்த நாட்களில்தான் ரேடியோவின் பேச்சு குறைந்தது.

முதலில் அவள் அதைக் கவனிக்கவில்லை. இத்தனை வருஷ இரைச்சலுக்குப் பிறகு கிடைத்த நிம்மதி என்றுகூட நினைத்தாள். சாப்பிடும்போது ஒரு நாள், வாய்க்கு வந்தபடி எதையாவது சொல்வார் என்று எதிர்பார்த்து நிமிர்ந்தவள், அவர் தட்டைப் பார்த்தபடி மென்றுகொண்டிருப்பதைக் கண்டாள். மென்றார், விழுங்கினார், மென்றார்.

"உடம்பு சரியில்லையா?"

"இல்லையே. நல்லா இருக்கேன்." சற்றுப் பொறுத்து, "கை வலி போயிடுச்சு," என்றார். உளி பிடித்துப் பிடித்து வீங்கியிருந்த விரல் கணுக்களை மடக்கி நீட்டிக் காட்டினார். வீக்கம் இருந்த இடமே தெரியவில்லை. "மெஷின் மேல வச்சா இதமா இருக்கு."

செருப்புப் போடுவதை விட்டுவிட்டார். ரப்பர் விரிப்பைச் சுருட்டிக் கொட்டகை மூலையில் நிறுத்தியிருந்தார். கேட்டால் "கால் வேர்க்குது" என்றார். அவர் பாதங்களில் ஒரு கறுப்பு ஏறியிருந்தது. அவள் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், உப்புத்தாள்கூடப் போட்டுப் பார்த்தாள். அது அழுக்கு இல்லை. படுக்கும்போது பாயைத் தள்ளிவிட்டு வெறும் தரையில் குப்புறப் படுத்தார், இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் விரித்து அழுத்தியபடி. குறட்டையும் நின்றுபோயிருந்தது.

ஒரு நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை என்று கொட்டகைக்குப் போனாள். தகரத்தில் இருந்த ஓட்டைகள் வழியாக வெயில் ஈட்டி ஈட்டியாக இறங்க, அதில் மரத்தூள் மிதந்துகொண்டிருந்தது. மெஷின் ஓடவில்லை. அவர் மேடைக்கு முன் நின்றிருந்தார், கைகளை ஊன்றி, கண்களை மூடி. முன்னங்கை மயிர்கள் அத்தனையும் நிமிர்ந்து நின்றன. ஒவ்வொரு மயிரின் நுனியிலும் மரத்தூள் ஒட்டியிருந்தது. அவள் தோளைத் தொட்டாள்.

ஊறல். விரலிலிருந்து முழங்கை வரை.

அதில் ஒரு தாளம் இருந்தது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி. கரண்ட் அப்படி அடிக்காது என்று அவளுக்கே தெரியும். அவள் கையை இழுத்துக்கொண்டாள். அவர் கண்ணைத் திறக்காமல் சிரித்தார்.

"கொஞ்ச நேரம் வச்சுப் பாரேன்," என்றார்.

மறுநாள் காலை சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தபோது மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. வேலையை ஆரம்பித்துவிட்டார், நல்லதுதான் என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். ரேடியோ ஒரு நீளப் பலகையை ரம்பத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். ரம்பத்தின் மேல் இருக்க வேண்டிய மூடி கழற்றப்பட்டிருந்தது. பலகை இரண்டாகப் பிரிந்து, புது மரத்தின் வாசம் எழுந்தது. டம்ளரை எங்கே வைக்கலாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பியவள் சாக்கெட்டைப் பார்த்தாள். காலியாக இருந்தது. மெஷினின் கேபிள் ஆணியில் சுருட்டி மாட்டியிருந்தது. அதன் நுனியில் பிளக்கின் மூன்று கால்களும் அந்தரத்தில் தொங்கின.

அவள் போய் அதைக் கையில் எடுத்தாள். பித்தளைக் கால்கள் பளபளத்தன. கேபிளைக் கண்ணால் தொடர்ந்தாள். சுவரிலிருந்து தரையோரமாக வந்து, மெஷினுக்குள் போயிற்று. வேறு கேபிள் இல்லை. பிளக் அவள் கையில் இருந்தது. ரம்பம் சுற்றிக்கொண்டிருந்தது.

ரேடியோ அவளைத் திரும்பிப் பார்த்தார். பிளக்கைப் பார்த்தார். அவசரமில்லாமல் சுவிட்சை அணைத்தார். ரம்பம் நின்றது. அடுத்த பலகையை எடுக்கப் போனார்.

அவள் டீயைக் கொட்டிவிட்டதே வீட்டுக்குள் வந்த பிறகுதான் தெரிந்தது.

"நீ பார்த்தது வேற வயரா இருக்கும்கா," என்றான் தம்பி போனில்.

"டேய், பிளக்கைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன்டா."

அவன் கூட இருந்தவரிடம் மணி கேட்டான். "வேலை முடிஞ்சதும் வர்றேன். அதுவரைக்கும் மாமாவை அந்தப் பக்கம் விடாதே."

விடாமல் எப்படி இருப்பது? அவள் கதவைச் சாத்தி முன்னால் உட்கார்ந்துகொண்டாள். அவர் சண்டை போடவில்லை. ஜன்னல் வழியாகக் கொட்டகையையே பார்த்துக்கொண்டு, பசித்த பிள்ளை அடுப்பங்கரையைப் பார்ப்பது போல, நின்றார். மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. நீண்ட காலத்துக்குப் பிறகு வந்த மழை, தகரத்தில் கல்லைக் கொட்டுவது போல் கொட்டியது. ஒழுகிய இடத்தில் வாளி வைக்க அவள் உள்ளே போய் வந்த நேரத்தில் கதவு திறந்து கிடந்தது.

தம்பி வந்தபோது பொழுது சாயவில்லை, ஆனாலும் இருட்டிக்கொண்டு வந்தது. தெரு முழுக்கக் கரண்ட் போயிருந்தது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும், கையில் தடித்த ரப்பர் உறையும் போட்டிருந்தான். அவன் டார்ச்சோடு முன்னே போக, அவள் பின்னால் போனாள். கொட்டகைக்குள் ரேடியோ மேடையில் கையூன்றி நின்றிருந்தார். மெஷின் ஓடவில்லை. ரீங்காரம் மட்டும். மழைக்கு நடுவிலும் அது தனியாகக் கேட்டது.

"அக்கா, நீ அந்தப் பலகை அடுக்கு மேல ஏறி நில்லு. காஞ்சிருக்கு. நான் சொல்ற வரைக்கும் இறங்காதே."

அவள் ஏறினாள். சுவரோரம் இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கியிருந்த அலமாரிப் பலகைகள். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. தம்பி முதலில் சாக்கெட்டுக்கு மேலிருந்த ட்ரிப்பரைக் கீழே இறக்கினான். பிளக் உருவியே கிடந்தது. டெஸ்டரை மேடையில் வைத்தான். அதன் வயிற்றில் சிவப்பாக ஒரு பொட்டு எரிந்தது.

அவன் டெஸ்டரை உதறினான். மறுபடி வைத்தான். எரிந்தது.

குனிந்து பச்சை வயரின் போல்ட்டைக் கழற்றினான். இப்போது மேடையில் வைத்தால் டெஸ்டர் எரியவில்லை. ரேடியோவின் விரல்கள் மேடையைப் பிறாண்டின. தம்பி தொங்கிய பச்சை வயரின் முனையில் டெஸ்டரை வைத்தான். சிவப்புப் பொட்டு எரிந்தது, தணிந்தது, எரிந்தது.

"லைன்ல இருந்து வரலைக்கா." அவன் குரல் சின்னப் பையனுடையது போல் ஆகியிருந்தது. "எர்த்துல இருந்து வருது. அடியில இருந்து."

"அது எப்படிடா?"

"தெரியல."

ரேடியோ அன்று முதல் தடவையாக வாயைத் திறந்தார். "மாட்டிடு மாப்ள," என்றார் கெஞ்சலாக. "அப்படியே மாட்டிடு."

தம்பி இடுப்பிலிருந்து வயர் வெட்டும் கட்டரை உருவினான். வெளியே ஓடினான். தகரச் சுவருக்கு அப்பால் மழைக்குள் அவன் பூட்ஸ் சேற்றில் சளப் சளப்பென்று போவதும், குழிப்பக்கம் நிற்பதும் கேட்டது. கட்டர் ஒரு தடவை கடித்தது. இன்னொரு தடவை. பச்சை வயர் துண்டாகித் தரையில் விழுந்தது. கூடவே இரும்பு உரசும் நீண்ட சத்தம், குழாய் உள்ளே வழுக்கிக்கொண்டு போகிற சத்தம், வெகு நேரம் கேட்டது. எவ்வளவு நேரம் என்றால், அத்தனை நீளக் குழாயை அவன் போடவேயில்லை.

பிறகு ரீங்காரம் நின்றது.

ரேடியோ மேடையிலிருந்து கையை எடுத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து, தன் கைகளை யாருடையதோ போல் பார்த்தார். "ஏய், எவ்வளவு நேரமா இங்க நிக்கிறேன்? மழை பெய்யுது, நீ என்ன பலகை மேல ஏறிக் கூத்தாடிட்டு இருக்கே? பாலிஷ் போட்ட பலகைடி அது. மாப்ள எப்ப வந்தான்? ஒரு டீகூடக் குடுக்காம..."

அவள் சிரித்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இத்தனை நாளும் அந்தச் சளசளப்புக்கு அவள் காது எவ்வளவு ஏங்கியிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. தம்பி சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தான். அவனும் சிரித்தான். கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகினான்.

"எழுந்திருங்க மாமா. நாளைக்கே வேற இடம் பார்ப்போம். இங்க ஒரு நிமிஷம்கூட..."

ரேடியோ கையை நீட்டினார். தம்பி பிடித்துத் தூக்கினான்.

வாக்கியம் முடியவில்லை.

அவள் காத்திருந்தாள். தம்பியின் முதுகு மட்டும் தெரிந்தது. ரேடியோ எழுந்து நின்றுவிட்டார். ஆனால் கை விலகவில்லை. இருவரும் கை குலுக்குகிறவர்கள் போல நின்றார்கள். குலுக்கவில்லை.

"டேய்."

தம்பியின் பிடரி மயிர் மெல்ல எழுந்தது. நனைந்த மயிர். சொட்டச் சொட்ட, ஒவ்வொன்றாக.

வெறும் கையால் தொடக்கூடாது. காய்ந்த கட்டை. அவள் அடுக்கின் மேலிருந்தே தடுமாறிக் குனிந்து, கையில் அகப்பட்ட ஒரு நீளச் சட்டத்தை உருவி, கோர்த்திருந்த அந்தக் கைகளின் நடுவே விட்டு நெம்பினாள். நகரவில்லை. பலம் கொண்டமட்டும் அடித்தாள். மரத்தில் அடித்தது போல் சத்தம் வந்தது. இருவருக்கும் வலிக்கவில்லை. சட்டம் கை நழுவித் தரையில் விழுந்தது. விழுந்தபோது தண்ணீர் தெறித்தது.

தண்ணீர். தகரச் சுவரின் அடி வழியாக அது உள்ளே வந்துவிட்டிருந்தது. குழிப்பக்கத்திலிருந்து. கறுப்பாக. தரை முழுவதும் பரவி, ரேடியோவின் வெறும் பாதங்களைச் சுற்றி, மெஷினின் கால்களைச் சுற்றி. அந்த நாணய வாடை. மழைத் தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும். இதிலிருந்து ஆவி எழுந்தது.

செல்போன் சமையலறையில் இருந்தது. கதவு எதிர்ப்பக்கம். நடுவில் முழுக்கத் தண்ணீர்.

தலைக்கு மேல் தொங்கிய பல்பு எரியத் தொடங்கியது. மங்கலாக. பிறகு பிரகாசமாக. தகர ஓட்டைகளுக்கு வெளியே தெரு இருட்டாகவே கிடந்தது. மெஷினின் பிளவுக்குள் ரம்பம் சோம்பலாக ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று. பற்கள் தனித்தனியாகத் தெரிந்தன. பிறகு தெரியவில்லை.

இருவரும் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள். முகத்தில் வலி இல்லை. பயமும் இல்லை. தம்பியின் இன்னொரு கை மெதுவாக உயர்ந்து, பலகை அடுக்கை நோக்கி நீண்டது. விரல்கள் விரிந்திருந்தன. குழந்தையைத் தோளிலிருந்து இறக்க நீட்டுகிற கை போல.

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கீழே முதல் பலகை நனைந்து கறுத்தது. தண்ணீர் இரண்டாவது பலகையின் விளிம்பைத் தொட்டது. அது ஏறி இறங்கி, ஏறி இறங்கித்தான் வந்தது. அந்தக் கை நீண்டபடியே இருக்க, இருவரும் நின்றார்கள். அவர்களுக்கு அவசரம் இருக்கவில்லை.